பலகைக்கு ஏன் நாக்கு?

மழைக்காலத்தில் மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறது. கோடை வந்ததும் எளிதாகத் திறக்கிறது. இடையில் யாரும் கதவை இழைக்கவில்லை, நிலையும் நகரவில்லை. மாறியது எது? கதவின் அகலம்தான்! ஒரு கதவுக்கே இப்படியென்றால், இருபது முப்பது பலகைகளை அருகருகே அடுக்கித் தளம் போட்டால் என்னவாகும்?

இக்கேள்விக்குத் தச்சர்கள் கண்ட விடையே நாக்கும் காடியும் உள்ள பலகை. பலகையின் ஒரு விளிம்பில் நீளவாக்கில் மெல்லிய துருத்தல் இருக்கும், அது நாக்கு. எதிர் விளிம்பில் அதற்கேற்ற பள்ளம் இருக்கும், அது காடி. ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் நுழைந்துகொள்ளும். முன்பு இவற்றைக் கை இழைப்புளியால் செதுக்கினர். இவ்வேலையைச் செய்யும் பொறி ஒன்றுக்கு 1828-இல் அமெரிக்கரான வில்லியம் உட்வொர்த் காப்புரிமை பெற்றார்.

மரம் எந்தப் பக்கம் பருக்கும்?

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவர்களில் உள்ள செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. காற்றின் ஈரம் இவ்விழைகளின் நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறது. ஆகவே பலகை அகலத்தில் பருக்கிறது. நீளத்தில் அநேகமாக மாறுவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். பைன் மரப் பலகையின் ஈரப்பதம் 1 சதவீதம் கூடினால் அகலம் ஏறத்தாழ 0.25 சதவீதம் கூடும். ஈரப்பதம் 8-இலிருந்து 12 சதவீதமாக உயர்ந்தால் 12 செ.மீ. அகலப் பலகை 1.2 மி.மீ. பருக்கும். மூன்று மீட்டர் அகலத் தளத்துக்கு இத்தகைய பலகைகள் 25 தேவை. எல்லாம் சேர்ந்து 30 மி.மீ.! இடமின்றி நெருக்கிப் போட்டிருந்தால் தளம் நடுவில் கூரைபோல் எழும்பிவிடும். ஈரமான பலகையைப் போட்டால் அது காய்ந்ததும் ஒவ்வோர் இணைப்பிலும் இடைவெளி விழும். அங்கேதான் நாக்கு உதவுகிறது. பலகைகள் சற்று விலகினாலும் நாக்கு காடிக்குள்ளேயே இருந்து இடைவெளியை மறைக்கிறது. ஒரு பலகையை நாம் மிதிக்கும்போது, பாரத்தின் ஒரு பகுதியை அண்டைப் பலகைக்கும் கடத்துகிறது.

பரணில் ஒரு சோதனை

பிரிட்டன் நாட்டு வீடுகளில் சாய்கூரைக்குக் கீழே முக்கோணமான வெற்றிடம் உண்டு. நம் பரணைப் போல அங்கே பொருள்களை வைப்பார்கள். வீட்டுச் சூடு வெளியேறாதபடி, அறைகளின் உட்கூரைமேல் கண்ணாடி இழைக் கம்பளியைப் பரப்புகின்றனர். அதனால் அதற்கு மேலுள்ள பரண் குளிர்காலத்தில் குளிர்ந்து ஈரமாகவும், கோடையில் சூடாகவும் இருக்கும். மரத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேண்டுமா?

எனவே முதலில் பலகைகளைச் சில நாட்கள் பரணிலேயே, காற்றோட்டத்துக்குச் சிறு குச்சிகளை இடையிட்டு, அடுக்கி வைக்க வேண்டும். பிறகு விட்டங்களுக்குக் குறுக்காகப் பரப்பி, நாக்கின் அடிப்பகுதி வழியே சாய்வாக ஆணி அடிக்கிறார்கள். அடுத்த பலகையின் காடி அந்த ஆணியை மறைத்துவிடும். ஒவ்வொரு பலகையும் ஒரு விளிம்பில் மட்டுமே பிணைக்கப்படுவதால் மறு விளிம்பு தாராளமாக அசையலாம். இத்தகைய மரப்பலகை இணைப்பில் பசை கூடாது. பலகை முனைகள் விட்டத்தின்மேல் முடிய வேண்டும். செங்கல் சுவரில் போல, இணைப்புகள் ஒரே கோட்டில் வரக் கூடாது. சுவரோரம் சுமார் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும்.

மரச்சில்லுகளை அழுத்திச் செய்த பலகைக்கு விதி வேறு. அதில் சில்லுகள் பல திசைகளிலும் கிடந்து ஒன்றையொன்று தடுப்பதால் அகல மாற்றம் மிகக் குறைவு. ஆகவே அதன் இணைப்பில் பசை இடலாம். சுவரோர இடைவெளி மட்டும் இதற்கும் தேவை.

பலகையின் தடிப்பும் முக்கியம். வளைவை எதிர்க்கும் திறன் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் கூடும். 18 மி.மீ. பலகையைவிட 22 மி.மீ. பலகை தடிப்பில் 4 மி.மீ. மட்டுமே அதிகம், விறைப்பிலோ ஏறத்தாழ 1.8 மடங்கு!

இரண்டு எச்சரிக்கைகள். உட்கூரை விட்டங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 25 கிலோகிராம் அளவிலான சுமைக்கே கணக்கிடப்படுகின்றன. வீட்டுத் தளங்களுக்கோ 150 கிலோகிராம். பலகை போட்டதாலேயே பரண் அறையாகிவிடாது. அடுத்து, அங்கே பரிந்துரைக்கப்படும் கம்பளியின் தடிப்பு சுமார் 270 மி.மீ.; பல வீடுகளில் விட்டத்தின் உயரம் 100 மி.மீ. அளவே. அப்படியே பலகையை அழுத்திப் போட்டால், வெப்பத்தைத் தடுக்கும் காற்று கம்பளியிலிருந்து வெளியேறிவிடும். கால்கள் வைத்துத் தளத்தை உயர்த்துவதே முறை.

செய்து பாருங்கள்

தச்சுப் பட்டறையிலிருந்து உலர்ந்த மெல்லிய பலகைத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதன் நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து குறியுங்கள். இரண்டு நாட்கள் நீரில் ஊறவைத்து மீண்டும் அளவிடுங்கள். எது கூடியது, எது கூடவில்லை? காயவைத்த பின் மறுபடியும் அளந்தால், மழைக்காலக் கதவின் இரகசியம் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கும்.