ஆழியின் அடியில் போர்க்கலங்கள்

போர் முடிந்தபின் அதன் சுவடுகள் நிலத்தின்மீது நெடுங்காலம் நிற்பது அரிது. குண்டு விழுந்த குழி தூர்ந்து வயலாகின்றது. இடிந்த மனை மீண்டும் எழுகின்றது. ஆயின் கடலில் அமிழ்ந்த கலமோ, அன்று சுமந்த பண்டங்களோடும், தன்னுள் மாண்ட மாந்தரோடும் அங்கேயே கிடக்கின்றது. அத்தகைய கலங்களை நாடிச் சென்று உலகிற்குக் காட்டியவருள் ஒருவர் பிரான்சு நாட்டு ஜாக் கூஸ்தோ (1910–1997). அவர் போர் வரலாறு எழுதுபவர் அல்லர். மீனையும் பவளத்தையும் திமிங்கிலத்தையும் தொலைக்காட்சியிற் காட்டிப் பெயர் பெற்றவர். உயிரினங்களைக் காட்டுவார்க்குப் போரின் மயானத்தில் யாது வேலை? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே எமது நோக்கமாம்.

கூஸ்தோ கடற்படை அதிகாரியாய் இருந்தவர். 1943-ஆம் ஆண்டில் எமில் கான்யான் என்னும் பொறியியலாருடன் கூடி, நீருள் மூச்சுவிடும் கருவியொன்றை அமைத்தார். முதுகிற் சுமந்த உருளையில் அடைத்த காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்றவாறு, மூச்சு இழுக்குந்தோறும் அளவாக அளிப்பது அக்கருவி. அதற்குமுன் பெரும்பாலும் கனத்த தலைக்கவசம் அணிந்து, காற்றுக் குழாயால் மேலுள்ள படகோடு பிணிக்கப்பட்டே மூழ்கினர். இக்கருவி வந்தபின்னர் மனிதன் மீன்போல நீந்தலானான். போர் ஓய்ந்ததும் கூஸ்தோவும் அவருடைய தோழரும் பிரான்சின் கரையோரக் கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் ஈடுபட்டனர். 1950-இல் அவர் கைக்கு வந்த ‘கலிப்சோ’ என்னும் கப்பலும், 1942-இல் ஆங்கிலக் கடற்படைக்கெனக் கண்ணி வாருவதற்குக் கட்டப்பட்டதே. ஆகவே போர் அவர்க்குப் புறம்பான பொருளன்று. அவர் ஏறிச் சென்ற மரக்கலமே போரின் எச்சமாம்.

அக்கப்பலிற் சென்ற கூஸ்தோ 1950-களின் தொடக்கத்திற் செங்கடலில் ‘திஸில்கார்ம்’ என்னும் ஆங்கிலச் சரக்குக் கப்பலைக் கண்டனர். எகிப்திலிருந்த சேனைக்குப் பண்டம் ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த அக்கப்பல், சூயெஸ் கால்வாய் செல்ல நங்கூரமிட்டுக் காத்திருந்தபொழுது, 1941 அக்டோபர் 6-ஆம் நாள் செர்மானிய விமானத்தின் குண்டால் மூழ்கியது. ஒன்பதின்மர் மாண்டனர். ஏறத்தாழ 100 அடி ஆழத்தில், லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் துப்பாக்கிகளும் ரப்பர் சப்பாத்துகளும் அடுக்கியவாறே இருந்தன. வெடிகுண்டுகள் வெடித்துச் சிதறிய இடத்தின் அருகே, களவாவும் சீலாவும் கூட்டங் கூட்டமாய் உலாவின. 1956-இல் வெளிவந்த ‘மௌன உலகம்’ என்னும் படத்தில் இக்கலத்தின் காட்சியும் இடம்பெற்றது.

இதனினும் பெரியது பசிபிக் மாகடலின் மேற்பாகத்திலுள்ள சூக் தீவுகளின் காட்சி. முன்னாளில் திரக் எனப்பட்ட இத்தீவுகளைப் பவளவேலி ஒன்று வளைந்து காக்கின்றது. அவ்வேலிக்குள் அமைதியான நீர்ப்பரப்பில் ஜப்பானியர் தம் பெருங் கடற்படைத் தளத்தை அமைத்திருந்தனர். 1944 பிப்ரவரி 17, 18 ஆகிய இரு நாட்களில் அமெரிக்க விமானங்கள் தாக்கியதில் 40-க்கு மேற்பட்ட கப்பல்கள் அமிழ்ந்தன. கூஸ்தோ 1969-இல் அங்கு மூழ்கி எடுத்த படம் 1971-இல் தொலைக்காட்சியில் வந்தது. பாய்மரத்தில் மென்பவளம் பூத்ததையும், பீரங்கியைக் கடற்பஞ்சு போர்த்ததையும், மாலுமியின் எலும்பு இருளிற் கிடந்ததையும் மக்கள் ஒருங்கே கண்டனர்.

இரும்பில் உயிர் குடியேறுவது எங்ஙனம்? கலம் மூழ்கிய சில நாட்களிலேயே கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அதன்மேற் படர்கின்றன. அவற்றையடுத்துப் பாசியும், ஓட்டுயிர்களும், சிப்பியும் ஒட்டுகின்றன. நீரோட்டத்தில் மிதந்துவரும் பவளத்தின் இளவுயிர்கள், மணற்பரப்பிற் பற்றுக்கோடின்றித் தவிப்பன, இங்கே கடினமான தளம் பெற்று வேரூன்றுகின்றன. பின்னர் இரைதேடியும் மறைவிடம் நாடியும் மீன்கள் வருகின்றன. ஈண்டு ஓர் ஆராய்ச்சிப் பயனும் உண்டு. இயற்கைப் பாறையிலுள்ள பவளத்தின் வயதை அறிதல் எளிதன்று; போர்க்கலமோ மூழ்கிய நாள் தெளிவாய் அறியப்பட்டது. அந்நாளுக்கு முன் அதன்மேற் பவளம் இருந்திருத்தல் இயலாது. இவ்வுண்மையைக்கொண்டு 1975-இல் சில்வியா ஏர்ல் என்னும் அமெரிக்கக் கடலறிஞர், சூக் தீவின் கலங்களிற் பவளம் வளர்ந்த அளவை ஆராய்ந்தார். அழிவின் நாளே வளர்ச்சியின் கடிகாரமாயிற்று.

ஆயின், ‘கடல் யாவற்றையும் மன்னித்துப் பூவாற் போர்த்துவிட்டது’ என்று மகிழ்ந்து அமைதல் பிழையாம் என்பதே எமது கருத்து. உப்புநீரும் அதிற் கரைந்த பிராணவாயுவும் இரும்பை ஓயாது தின்கின்றன. மேற்படிந்த சுண்ணாம்புத் தோடு துருவைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. கலத்தின் தொட்டிகளிலோ எரியெண்ணெய் எஞ்சியிருக்கின்றது. உலிதி என்னும் பவளத்தீவில் 1944 நவம்பர் 20-ஆம் நாள் மூழ்கிய ‘மிசிசினேவா’ என்னும் அமெரிக்க எண்ணெய்க் கப்பல், 57 ஆண்டுகள் சென்றபின், 2001-இல் எண்ணெய் கசியலாயிற்று. அந்நீரை நம்பி வாழ்ந்த தீவினர் மீன்பிடிக்க இயலாது வருந்தினர். 2003-இல் அமெரிக்கக் கடற்படை எஞ்சிய எண்ணெயை வெளியேற்றியது. எவர்தம் போரிலோ ஊற்றிய நஞ்சு, அப்போரில் யாதொரு பகையும் இல்லாதாரின் பேரப்பிள்ளைகளைத் தீண்டியது.

மற்றொன்றும் உண்டு. இக்கலங்கள் கல்லறைகள். கூஸ்தோவே திஸில்கார்மிலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை மேலே எடுத்தனர்; பிற்காலத்திற் சென்றவர் பலர் நினைவுப் பொருளென்று கைக்கெட்டியவற்றைக் கவர்ந்தனர்; படகோட்டிகள் கலத்தின் உறுப்புகளிலேயே கயிறு கட்டி அவற்றைச் சிதைத்தனர். இன்று சூக் தீவில் கலங்களிலிருந்து பொருள் எடுத்தல் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. நடுகல்லை வணங்கிய மரபினராகிய நமக்கு இதன் நியாயத்தை விரித்துரைத்தல் வேண்டா.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று எண்ணற்க. தமிழர் வாழும் மட்டக்களப்பின் எதிரே, 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்களாற் கவிழ்ந்த ‘ஹெர்மிஸ்’ என்னும் ஆங்கில விமானந்தாங்கிக் கப்பல், இன்றும் கடலடியிற் கிடக்கின்றது. அதனோடு 307 பேர் மாண்டனர். அவர்களுள் எம்மையொத்த இளைஞர் பலர் இருந்திருப்பர். தேர்வுக்கும் விடுமுறைக்கும் நாள் எண்ணுகின்ற பருவத்தில் அவர்கள் ஆழியிற் புகுந்தனர்.

எனவே உயிரினங்களைக் காட்டுவார்க்குப் போர்க்களத்தில் வேலை உண்டு. போர் எழுதுவோர் கலம் மூழ்கிய நாளோடு நிறுத்துகின்றனர். உயிர்நூலாரோ அதற்கு மறுநாள் தொடங்குகின்றனர். பவளத்தை மட்டும் காட்டுதல் பாதி உண்மை. எலும்பை மட்டும் காட்டுதலும் பாதி உண்மையே. இரண்டையும் ஒருங்கு காட்டி, எடாது மீள்பவரே அவ்விடத்திற் புகத் தக்கார் என்பது எமது துணிபு.