உங்களுக்குத் தெரியுமா? அடிபடாத ஆலையில் லாபம் கூடியது

அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவுக்கு 1987-இல் பால் ஓநீல் தலைவரானார். லாபத்தைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்த முதலீட்டாளர்களிடம், தொழிலாளர் ஒருவருக்கும் காயம் படக் கூடாது, அதுவே முதல் இலக்கு என்றார். பயந்துபோய், பங்குகளை உடனே விற்றுவிடும்படி வாடிக்கையாளர்களுக்குச் சொன்னவர்களும் உண்டு.

யாருக்காவது அடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் பிரிவுத் தலைவர் ஓநீலுக்கே தெரிவிக்க வேண்டும்; அது மறுபடி நடக்காமலிருக்க வழியும் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியால், அதுவரை மேலே போகாத தொழிலாளர்களின் யோசனைகள் மேலே போயின. கொதிக்கும் உலோகம் தெறித்து ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஊற்றும் முறையையே மாற்றினார்கள். காயம் குறைந்தது, சிந்தி வீணான மூலப்பொருளும் மிச்சமானது. பாதுகாப்புச் செலவு திரும்பி வருவது இப்படித்தான். விபத்தால் நிற்கும் எந்திரம், பாழாகும் சரக்கு, புது ஆளைப் பழக்கும் நாட்கள் எல்லாம் நஷ்டக் கணக்கில் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

லாபத்துக்குப் பாதுகாப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2000-இல் ஓநீல் ஓய்வு பெற்றபோது, அல்கோவாவின் ஆண்டு நிகர லாபம் அவர் வந்தபோது இருந்ததைப்போல் 5 மடங்குக்கும் மேல்!