பசியும் பரிகாசமும்

கலியாண வீட்டில் பந்திக்கு இலை போடுவதற்கு முன்னரே, ஆண்டுக்கொரு முறை கண்ணிற்படுகின்ற தூரத்து உறவினர் ஒருவர், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத பெண்ணொருத்தியை ஏற இறங்கப் பார்த்து, "என்னம்மா, இப்படிப் பெருத்துவிட்டாய்? நாளைக்கு வரன் அமைய வேண்டாமா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்பது, நம்மவரிடையே குசலம் விசாரிக்கும் சம்பிரதாயமாகவே நிலைபெற்றுவிட்டது. அதே பந்தியில் அவள் தம்பிக்குக் கிடைப்பது "நோஞ்சான்" என்ற பட்டம். கேட்டவர் பாயசத்தோடு அதை மறந்துவிடுகிறார். கேட்கப்பட்டவளோ இரண்டு கவளத்தோடு இலையை மூடிவிட்டு எழுந்து, அன்றிரவே கைப்பேசியில் "முப்பது நாளில் பத்துக் கிலோ" என்று ஆசை காட்டும் விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பரிகாசத்தால் உண்டான மனத்தாங்கலை வியாபாரம் காசாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் தேகத்துக்கு நேரும் அபாயங்கள் எவை, வைத்தியத்திலும் சட்டத்திலும் அவற்றுக்குள்ள பரிகாரங்கள் எவை என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதை நேரிற் கண்டு எழுதிவைத்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடியுந் தறுவாயில், பஞ்சத்தில் வாடிய ஐரோப்பிய மக்களை எவ்வாறு மீட்பது என்று அறியும் பொருட்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்பவர், மனச்சாட்சியை முன்னிட்டு ஆயுதமேந்த மறுத்த 36 வாலிபர்களைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாத காலம் நாளொன்றுக்கு இரண்டே வேளை, ஏறத்தாழ 1,600 கலோரி அளவில், உருளைக்கிழங்கும் ரொட்டியும் மாக்கரோனியுமாகக் கொடுத்து, அவர்களது எடை காற்பங்கு குறையும்வரை கவனித்து வந்தார். தேக திடத்திலும் மனோதிடத்திலும் பரீட்சித்து எடுக்கப்பட்ட அந்த இளைஞர்கள், சில வாரங்களுக்குள்ளாகவே சோற்றைத் தவிர வேறு சிந்தனையற்றவர்களாகி, சமையற் புத்தகங்களைச் சேகரித்தும், கிடைத்த துண்டை மேலும் பொடிப்பொடியாக நறுக்கி மணிக்கணக்கில் மென்றும், தட்டை நக்கியும், சிறு சொல்லுக்கும் எரிந்து விழுந்தும் நாட்களைக் கழித்தனர். எலும்பும் தோலுமாக நின்ற தங்களை இயல்பானவர்களென்றும், எதிரே வந்த சாமானிய மனிதரைப் பருத்தவர்களென்றும் அவர்களுடைய கண்கள் கண்டதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். கட்டுப்பாடு நீங்கிய பின்னர், வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் பலர் மாதக்கணக்கில் அளவிறந்து உண்டனர்.

இன்று நம்மூரில் கைக்குக் கை மாறும் "டயட் சார்ட்" பலவற்றில் நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று எழுதப்பட்டிருப்பதை இந்த ஆராய்ச்சியோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பத்து நாள் வாயைக் கட்டிவிட்டுப் பதினோராம் நாள் நள்ளிரவில் பிஸ்கட் பொட்டலங்களைக் காலி செய்தவர், தமக்கு மன உறுதி இல்லையென்று தம்மைத்தாமே நொந்துகொள்கிறார். பட்டினி போடப்பட்ட சரீரம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இயற்கையான காரியம் அது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

இந்தச் சுழற்சி முற்றுமிடத்து அது நோயாகிறது. எடை கூடிவிடுமோ என்ற பயத்தால் உணவையே ஒதுக்குவது அனொரெக்சியா என்றும், அளவிறந்து உண்டு பின்னர் வாந்தியெடுத்தோ பேதி மருந்துண்டோ வெளியேற்றுவது புலிமியா என்றும் வைத்திய நூல்களில் வழங்கும். வெளியேற்றாமல், தன்வசமிழந்து அடிக்கடி மிகையாக உண்டு வெட்கத்தில் குமைவதும் தனியொரு நோயே. இவை மேல்நாட்டுச் சீமான் வீட்டு வியாதிகள் என்ற அபிப்பிராயம் பிழையானது. ஆண்பிள்ளைகளுக்கு வாராது என்பதும் அவ்வாறே. பீஜித் தீவில், பூசினாற்போன்ற உடலையே அழகென்று போற்றி வந்த ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தபோது, எடையைக் குறைக்க வாந்தியெடுத்ததாகச் சொன்ன பள்ளிச் சிறுமி ஒருத்திகூட இல்லை. மூன்றாண்டு கழித்து 1998இல், ஆன் பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர் மீண்டும் விசாரித்தபோது, நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் அவ்வாறு சொன்னார்கள்.

வீட்டிலிருப்போர் கண்ணுக்குப் புலப்படும் அடையாளங்கள் சில உள. பள்ளியிலேயே சாப்பிட்டாயிற்று என்று நாள்தோறும் ஒரே பதில், தட்டிலுள்ள சோற்றைப் பரப்பி விட்டு உண்டது போலக் காட்டுதல், மற்றவர்க்கு ஆர்வத்தோடு சமைத்துப் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் தொடாதிருத்தல், உண்டு முடித்த மறுகணமே குளியலறைக்குச் சென்று குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருத்தல், விரல் முட்டிகளில் பற்பட்ட தழும்பு, சித்திரை வெயிலிலும் குளிருகிறதென்று போர்த்திக்கொள்ளுதல், மாதவிடாய் நின்றுபோதல். அடிக்கடி வாந்தியெடுப்பதால் பல்லின் எனாமல் கரைவதோடு, இரத்தத்தில் பொட்டாசியம் குன்றி இருதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்பதால், மயக்கமோ படபடப்போ கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பாசத்தின் மிகுதியால் ஒரேயடியாக ஊட்டிவிடுவதும் ஆபத்தே. திடீரென்று உணவு சேரும்போது இரத்தத்திலுள்ள பாஸ்பேட் முதலிய உப்புக்கள் சரிந்து உயிருக்கே கேடு நேர்வதுண்டாகையால், வைத்தியர் கண்காணிப்பில்தான் ஆகாரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

தன் உடம்பை ஏற்றுக்கொள் என்பது நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அலட்சியம் செய் என்ற உபதேசமன்று. அவற்றை அளக்கத் தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ. கணக்கை 1830களில் வகுத்தவர், மக்கட்கூட்டத்தின் சராசரியைத் தேடிய அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய வானியல் அறிஞர். 1972இல் அதற்கு அப்பெயரைச் சூட்டியவர் நாம் மேலே கண்ட அதே கீஸ். சராசரிக்காகப் பிறந்த அந்த எண்ணைத் தனியொருவருடைய ஆரோக்கியத்துக்குத் தீர்ப்பாகக் கொள்வது பொருந்தாது. முழங்கால் வலியென்று சென்றவரிடம், முழங்காலைத் தொட்டும் பாராமல், "முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வா" என்று அனுப்பிவிடுகிற வைத்தியரிடம், என் வலிக்கான காரணத்தைச் சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

உணவைப் பொறுத்தவரை, திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் பத்துக் குறளில் ஆறு உண்ணும் முறையையே பேசுகின்றன. முன்னுண்டது செரித்ததா, பசி வந்ததா, அளவு எவ்வளவு என்பவையே அங்குள்ள விசாரணை. நேரந்தவறாமல் மூன்று வேளை உண்பதும், இட்லியையும் சோற்றையும் பாவம்போலவும் கஞ்சியையும் காய்கறியையும் பிராயச்சித்தம்போலவும் பேசாதிருப்பதும், சாப்பிடும் வேளையில் எவருடைய எடையையும் பிரஸ்தாபிக்காதிருப்பதும் ஒரு குடும்பம் நாளைக்கே தொடங்கக்கூடியவை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளையின் பருமனைச் சொல்லிச் சிரிப்பை மூட்டும் ஆசிரியருக்கு இது நினைவூட்டப்பட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசின் நிதியுதவி பெறும் நிலையங்களில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியதோடு, உடல்நோய்க்கு ஒப்பாகவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டுமென்று கம்பெனிகளுக்கு ஆணையிட்டிருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

விளம்பரக்காரர் விஷயத்தில் நம் சட்டம் பழமையானது என்பதைப் பலர் அறியார். 1954இலேயே இயற்றப்பட்ட, மருந்துகளையும் மாயத் தீர்வுகளையும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டத்தின் அட்டவணையில், உடற்பருமனும், உயரத்தை வளர்த்தலும் இடம்பெற்றுள்ளன. இவற்றைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்தால் முதற் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். இதனாற்றான் வியாபாரிகள் தம் பொடியை மருந்தென்று சொல்லாமல் "உணவு" என்று சொல்லித் தப்பப் பார்க்கிறார்கள். அங்கும் அவர்களை விடவில்லை. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று உரிமை கொண்டாடுவதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடந்தந்து, அதில் தோன்றிச் சிரிக்கும் நட்சத்திரத்தையும் ஓராண்டு வரை எந்தப் பொருளுக்கும் பரிந்துரை செய்யாதபடி தடுக்கும் அதிகாரத்தை வழங்கியுள்ளது.

ஆகவே, ஏமாந்தவர்கள் வெட்கத்தால் வாய்மூடியிருக்க வேண்டியதில்லை. விளம்பரத்தின் படத்தையும், பணம் கட்டிய ரசீதையும், எடைக்குறைப்பு நிலையத்தார் எழுதிக்கொடுத்த வாக்குறுதியையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிடில், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுங்கள். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணமில்லை. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை.