பூமாதேவியின் பேரேடு

பரணில் அடுக்கி வைத்த பாத்திரங்கள் திடீரென்று கடகடவென ஆடுகின்றன. கூடத்து விளக்கு ஊசலாடுகிறது. ஆட்டம் நின்றதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டு மாமியிடம், "உங்கள் வீட்டிலும் ஆடிற்றா?" என்று கேட்பீர்கள். மாமி எதிர் வீட்டைக் கேட்பார். அரை மணிக்குள் தெரு முழுவதும் ஒரே பேச்சு! "ராத்திரி இன்னும் பெரிதாக ஒன்று வரப்போகிறதாம்" என்று யாரோ கிளப்பிவிட, அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

இந்தக் கேள்வியைப் பூமாதேவியிடமே கேட்டுவிட்டால் என்ன? கேட்கலாம். பதிலும் வரும்.

அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்தில் கோல்டன் என்று ஓர் ஊர். 1879-ல் ஆரம்பித்த அமெரிக்கப் பூகர்ப்ப ஆய்வுத் துறையின் தேசிய பூகம்பத் தகவல் நிலையம் அங்கேதான் இருக்கிறது. உலகெங்குமுள்ள கருவிகள் சொல்லும் செய்தியைக் கேட்டு, எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில் பூமி அதிர்ந்தது என்று இரவு பகலாகக் கணக்கு எழுதுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 20,000 பூகம்பங்கள். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 55. உங்கள் அடுப்பில் ஓர் உலை சோறு வெந்து இறங்குவதற்குள் பேரேட்டில் ஒரு வரவு விழுந்துவிடுகிறது!

சீட்டு எழுதினால் சரக்கு

இந்தப் பேரேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மனுப் போட வேண்டாம், கட்டணம் கிடையாது, "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லும் குமாஸ்தாவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் கேட்க, மற்றொரு கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'வெப் சர்வீஸ்' என்று பெயர். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்காக ஏற்பட்டது இது.

மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதுவீர்கள் அல்லவா? அதே முறைதான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த அளவுக்குக் குறையாமல், எந்த இடத்தைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் என்று இணைய முகவரியிலேயே எழுதி அனுப்பினால் போதும். கேட்டது கேட்டபடி வந்து சேரும். "எத்தனை என்று மட்டும் சொல், போதும்" என்றும் கேட்கலாம். ஆனால் ஒரு சீட்டுக்கு 20,000 பூகம்பங்களுக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். அன்றாடச் செய்தி மட்டும் வேண்டுமா? கடந்த ஒரு மணி, ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று பொட்டலம் கட்டித் தயாராகவே வைத்திருக்கிறார்கள்.

வாங்கிய சரக்கைப் பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நேரத்தை 1970 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து மில்லி செகண்டுகளாக எண்ணிச் சொல்வார்கள். அதுவும் கிரீன்விச் கணக்கு. நம் ஊர் மணிக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இடத்தைச் சொல்லும்போது தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மாற்றிப் படித்தாலோ, நம்முடைய சென்னைப் பட்டணம் வடதுருவத்துப் பனிக்கடலில் போய் விழும்!

நம்பர் ஏன் மாறுகிறது?

"காலையில் ஓர் அளவு சொன்னார்கள், சாயங்காலம் வேறு சொல்கிறார்களே! எதையோ மறைக்கிறார்கள்" என்று சிலர் சந்தேகப்படுவார்கள். மறைப்பு ஒன்றும் இல்லை. முதலில் யந்திரம் அவசரமாக ஒரு கணக்குப் போடும். பிறகு நிபுணர் ஒருவர் உட்கார்ந்து திருத்துவார். பேரேட்டில் ஒவ்வொரு வரவுக்கும் 'யந்திரம் போட்டது', 'மனிதர் பார்த்தது' என்று குறிப்பு இருக்கிறது. அதைப் படிக்காமல் நம்பரை மட்டும் நம்புவது நியாயமில்லை.

இந்தத் திருத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதை 2004 டிசம்பர் 26-ல் கண்டோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6 மணி 28 நிமிஷத்துக்குச் சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. கால் மணிக்குள் ஹவாயிலிருந்த எச்சரிக்கை நிலையம் போட்ட கணக்கு 8.0. ஒரு மணிக்குப் பிறகு 8.5. இன்று பேரேட்டில் இருப்பது 9.1. வித்தியாசம் ஒன்றுதானே என்று எண்ணாதீர்கள். சக்திக் கணக்கில் அது 40 மடங்குக்கு மேல்!

அலை நமது கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கணக்கு இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, மீனவர் குப்பத்து வாசலில் கொண்டுபோய்ச் சொல்லத்தான் இந்துமகா சமுத்திரக் கரையில் ஓர் ஏற்பாடும் இல்லை. 2007-ல் ஹைதராபாத்தில் நமக்கென்று சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் காதுகொடுக்க வேண்டியது அதன் எச்சரிக்கைக்குத்தான். அமெரிக்கப் பேரேட்டிலும் 'சுனாமி' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 1 என்று இருந்தால் பெரிய பூகம்பம் சமுத்திரப் பகுதியில் நடந்தது என்றுதான் பொருள். அலை வருகிறது என்று பொருள் அல்ல. இது தெரியாமல் புரோகிராம் எழுதி, ஊரைக் கிளப்பிவிடுவதும் பாவம்தான்.

உங்களுக்கும் ஒரு வரி

யந்திரங்களுக்கு மட்டும்தான் இந்தப் பேரேட்டில் இடம் என்று நினைக்க வேண்டாம். "நீங்கள் உணர்ந்தீர்களா?" என்று ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். அலமாரிப் பொருள்கள் ஆடினவா, விழுந்தனவா, சுவரில் மாட்டிய படம் நகர்ந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். எந்த நாட்டிலிருந்தும் பதில் எழுதலாம். இத்தனை பேர் உணர்ந்தார்கள் என்று ஒரு கட்டத்தில் அதுவும் ஏறும். வீட்டில் எது எங்கே இருந்தது, எது நகர்ந்தது என்பதை இல்லத்தரசியைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் பெண்ணோ பிள்ளையோ வீட்டில் இருந்தால், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒரு சீட்டு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் கட்டம் கட்டமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நேரம், இடம், ஆழம், அளவு எல்லாம் இருக்கும். 'நாளை' என்று மட்டும் ஒரு கட்டம் இராது. பெரிய பூகம்பம் எதையும் எந்த விஞ்ஞானியும் இதுவரை முன்கூட்டிச் சொன்னதில்லை.

ஆகவே, "ராத்திரி வரப்போகிறதாம்" என்று யாராவது வந்து சொன்னால், "எந்தப் பேரேட்டில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்குங்கள்.