தாய் யார்?

தந்தை யார் என்பதில் ஐயம் எழலாம். தாய் யார் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. இது பண்டை ரோமானியச் சட்டம் கைக்கொண்ட கொள்கை. பெற்றவளே தாய் என்று உலகமும் நெடுங்காலம் நம்பி வந்தது. அந்த நம்பிக்கையை மருத்துவ விஞ்ஞானம் இன்று அசைத்துவிட்டது. கருமுட்டை அளிப்பவள் ஒருத்தி, கருவைச் சுமப்பவள் ஒருத்தி, வளர்க்க விரும்புபவள் ஒருத்தி எனத் தாய்மை மூன்று கூறாகப் பிரியக்கூடும். அவர்கள் வெவ்வேறு நாட்டினராகவும் இருந்துவிட்டால், குழந்தை யாருக்கு உரியது? எந்த நாட்டுக்கு உரியது? இவ்வினாக்களை எழுப்பிய ஒரு வழக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஜப்பானியத் தம்பதியர் 2007ஆம் ஆண்டில் குஜராத்திலுள்ள ஆனந்த் நகரில் வாடகைத் தாய் ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டனர். 2008 ஜூலை 25ஆம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் தம்பதியர் மணமுறிவு பெற்றுவிட்டனர். மனைவி குழந்தையை ஏற்கவில்லை. கருவைச் சுமந்த பெண்ணின் கடமை ஒப்பந்தப்படி முடிந்துவிட்டது. முட்டை அளித்தவர் யாரென்று வெளியிடப்படவே இல்லை. தாயர் மூவர் இருந்தும் குழந்தைக்குத் தாயில்லை!

தந்தை குழந்தையை அழைத்துச் செல்ல விரும்பினார். ஆனால் ஜப்பானியச் சட்டத்தின்படி பெற்றவளே தாய். பெற்றவரோ இந்தியப் பெண். ஆகவே ஜப்பானியக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்கோ தாய் இன்னார் என்று சொல்ல வழியில்லை. தந்தையின் விசா முடிந்ததும் அவர் நாடு திரும்ப நேர்ந்தது. ஜப்பானிலிருந்து வந்த பாட்டியே பேத்தியைப் பேணினார்.

இதற்கிடையே, குழந்தையை நீதிமன்றத்தில் முன்னிறுத்த வேண்டுமென்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலாயிற்று. பாட்டி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். செப்டம்பர் 29இல் அம்மன்றம், முறையீடு ஏதுமிருப்பின் குழந்தை உரிமை ஆணையத்திடம் கூறலாம் என்று தீர்ப்பளித்தது. பின்னர்த் தாயின் பெயரோ நாட்டின் பெயரோ இல்லாத ஓர் அடையாளச் சான்றிதழை இந்திய அரசு வழங்கியது. மனிதாபிமான அடிப்படையில் ஜப்பான் ஓராண்டு விசா அளிக்க, நவம்பரில் பாட்டியும் பேத்தியும் புறப்பட்டனர்.

அதே ஆனந்த் நகரில், அதே ஆண்டில், ஜெர்மானியத் தந்தை ஒருவருக்குப் பிறந்த இரட்டையரின் நிலை இன்னும் கடினமாயிற்று. ஜெர்மனி இம்முறையை ஏற்பதில்லை. சுமந்தவர் இந்தியர், ஆகையால் குழந்தைகளும் இந்தியக் குடிமக்களே என்று குஜராத் உயர்நீதிமன்றம் 2009இல் கூறியது. எனினும் அவர்கள் தந்தையின் நாடு சேர 2010 ஆயிற்று.

இந்தியா 2015இல் வெளிநாட்டவருக்கு இவ்வாயிலை அடைத்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் வணிக முறையைத் தடுத்ததோடு, இவ்வாறு பிறந்த குழந்தையை எக்காரணத்தாலும் கைவிடலாகாது என்றும் விதித்தது. ஆயினும் ஒரு நாடு கதவடைத்தால் மக்கள் வேறு நாட்டை நாடுகின்றனர். நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் பொது உடன்படிக்கை இன்னும் உருவாகவில்லை.

வாடகைத் தாய் முறை நன்றா தீதா என்பதில் அறிஞர் மாறுபடலாம். என் கருத்து இதுதான்: ஒப்பந்தத்தில் பெரியவர்கள் கையொப்பமிடுகிறார்கள், குழந்தை கையொப்பமிடுவதில்லை. ஆகவே ஒப்பந்தம் முறிந்தால் அதன் தண்டனை குழந்தையைச் சேரலாகாது. முறையைத் தடை செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. பிறந்துவிட்ட குழந்தைக்குப் பெயரும் நாடும் மறுக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை.