குற்றாலம் போறீங்களா? போட்டோ கலரா, கறுப்பு வெள்ளையா?

சாரல் சீசன் தொடங்கிவிட்டால் இன்ஸ்டாகிராமில் இரண்டு குற்றாலம் ஓடும். ஒன்று, பச்சை சொட்டும் கலர் குற்றாலம். இன்னொன்று, கருகரு பாறையில் வெள்ளையாகத் தண்ணி கொட்டும் கறுப்பு வெள்ளை குற்றாலம். இரண்டும் ஒரே பேரருவி, ஒரே இடத்தில் நின்று எடுத்ததுதான். அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

பேரருவியையே முதலில் பார்ப்போம். சீசனில் வானம் மூடியே இருக்கும். வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி விழுவதால் போன் கேமராவில் நிறங்கள் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். போதாக்குறைக்கு கலர் கலர் துண்டுகள், கம்பித் தடுப்பு, விளம்பர போர்டு. கண் அருவிக்குப் போகாமல் ஓரத்தில் இருக்கும் ஆரஞ்சுத் துண்டில் போய் நிற்கும்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் இந்தச் சத்தமெல்லாம் அடங்கிவிடும். பாறை, தண்ணி, கீழே நிற்கும் தலைகள், அவ்வளவுதான். மேலிருந்து விழும் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் நிரம்பி, அங்கிருந்து மறுபடி பொங்கி விழுகிறது. அந்த வளைவும் வேகமும் இந்தப் படத்தில்தான் பளிச்சென்று பிடிபடும்.

ஆனால் எடுக்கும்போது கலரிலேயே எடுங்கள், மாற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கலர் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் தகவலும் தனித்தனியாக இருக்கும். எடிட்டிங் ஆப்பில் பச்சையின் வெளிச்சத்தை மட்டும் குறைத்தால் இலைகள் இருண்டு, அருவி முன்னே வரும். அமெரிக்காவின் ஆன்செல் ஆடம்ஸ் 1927-ல் யோசெமிட்டி மலைப்பாறையை எடுத்தபோது லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டி நீல வானத்தைக் கருக்கியதும் இதே கணக்குதான். எடுக்கும்போதே மோனோ மோடில் போட்டால் பல போன்களில் கலர் திரும்பக் கிடைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் கலரை விடவே கூடாது. மலையில் பலத்த மழை பெய்தால் அருவித் தண்ணி செம்மண் கலந்து பழுப்பாக விழும். கறுப்பு வெள்ளையில் அது வெறும் சாம்பல். பார்ப்பதற்கு இன்னும் கம்பீரமாகக்கூட இருக்கும்! 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தது நினைவிருக்கும். 'தண்ணி எப்படி விழுது?' என்று வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால், கலர் படமே போக வேண்டும். குளிக்கத் தடை இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படம் அதைச் சொல்லாது.

தென்காசி பக்கத்து சுந்தரபாண்டியபுரத்தில் கேள்வியே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்திருக்கும்போது கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மஞ்சள் வெளிறிப் போய், 'காலிஃபிளவர் தோட்டமா?' என்று கேட்பார்கள். நடிகர்களின் முகங்கள் வரைந்த 'அந்நியன் பாறை'யும் அப்படியே. குற்றாலத்தின் சித்திர சபையும் இந்த ரகம்தான். ஐந்து சபைகளில் ஓவியத்தால் பெயர் பெற்ற சபை அது. சுவர் ஓவியங்களை எடுக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். அனுமதித்தால் ஃபிளாஷ் வேண்டாம், கலரை மாற்றவும் வேண்டாம். இந்தியாவைக் கலரில் எடுத்தே உலகப் புகழ் பெற்ற ரகுபீர் சிங் (1942–1999), நிறம் இந்தியர்களின் பார்வையிலேயே ஊறியது என்று வாதிட்டவர். பேரருவி விஷயத்தில் அவரோடு சண்டை போடலாம், இங்கே முடியாது.

கடைசியாக, தென்காசி காசி விஸ்வநாதர் கோயில். ஒன்பது நிலை ராஜகோபுரம், பின்னால் மழை மேகம்; கறுப்பு வெள்ளைக்கு என்றே அமைந்த காட்சி. தாராளமாக மாற்றலாம். ஆனால் அப்படி மாற்றிய படம் ஃபார்வர்டு ஆக ஆக, யாரோ ஒருவர் 'தாத்தா காலத்துத் தென்காசி, 1960' என்று எழுதிவிடுவார். 1960-ல் அங்கே இந்தக் கோபுரமே கிடையாது. தீயில் சிதைந்து, பல பத்தாண்டுகள் 'மொட்டைக் கோபுர'மாகவே நின்றது. திரும்பக் கட்டி குடமுழுக்கு நடந்தது 1990-ல்தான். மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம்தான் நிஜமான பழைய படம். அதனால் உங்கள் படத்தை மாற்றினால், எடுத்த தேதியையும் ஓரத்தில் போட்டுவிடுங்கள்.