எந்த ஊர் மணி?



இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் என்மேல் ஒரு பழி விழுந்தது. இரவு ஓட வேண்டிய பேக்கப் ஓடவில்லை. மறுநாள் காலை லாக் எடுத்துப் பார்த்தார்கள். பேக்கப் சர்வர் நின்ற நேரம் 10:05 என்று இருந்தது. முந்தின நாள் காலை பத்து மணிக்கு அந்த ரேக் பக்கம் கேபிளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டு இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

"தம்பி, எதையாவது இழுத்துட்டியா?" என்றார் சூப்பர்வைசர். "இல்ல சார்" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

மத்தியானம் வந்த சீனியர் ஒருவர் முதலில் சர்வர் கடிகாரத்தைப் பார்த்தார். அது யு.டி.சி. நேரத்தில் ஓடிக்கொண்டு இருந்தது! நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. கூட்டினால் பிற்பகல் 3:35. அது கரண்ட் போய் யு.பி.எஸ். டிரிப் ஆன நேரம். என் பழி நீங்கியது. ஆனால் ஒரு கேள்வி மனதில் நின்றுவிட்டது. எந்த ஊர் மணி என்பதை லாக் வரியிலேயே ஏன் எழுதவில்லை?

ரூட்டர், சர்வர் போன்றவை தமக்கு நடப்பதை வேறொரு கணினிக்கு எழுதி அனுப்பும் முறைக்கு சிஸ்லாக் என்று பெயர். 1980-களில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் மென்பொருளுக்காக இதை எழுதினார். நன்றாக இருந்ததால் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அவரவர் இஷ்டப்படி! விதி என்று ஒன்றும் இல்லை. 2001-ல் வந்த ஆர்.எஃப்.சி. 3164-கூட நடைமுறையில் இருந்ததை விவரித்ததே தவிர, தரமாக விதிக்கவில்லை. அதில் உள்ள நேரத்தில் மாதம், தேதி, மணி உண்டு. ஆண்டு கிடையாது. எந்த ஊர் நேரம் என்பதும் கிடையாது.

இதைத் திருத்த ஐ.இ.டி.எஃப். அமைப்பின் பணிக்குழு வரைவு எழுத உட்கார்ந்தது. வரைவு ஒன்றுக்கு ஆயுள் ஆறு மாதம்தான். அதற்குள் திருத்தி அடுத்த பதிப்பு போட வேண்டும். பல கம்பெனிக் கருவிகளை ஒப்பிட்டபோது எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: வரியின் தொடக்கத்தில் வரும் முன்னுரிமை எண்.

அது எளிய கணக்கு. 34 என்று வந்தால் 8-ஆல் வகுங்கள். ஈவு 4, மீதி 2. ஈவு, செய்தி எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று சொல்லும். 4 என்றால் பாதுகாப்பு. மீதி, ஆபத்தின் அளவு. 0 மிகவும் அவசரம், 7 வெறும் சோதனைச் செய்தி. 2 என்றால் நிலைமை மோசம்.

பழைய கருவிகள் கெட்டுவிடக் கூடாது என்று அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினார்கள். ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் எழுதித் தொகுத்த அந்த வரைவு, 2009 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 5424 ஆக வெளிவந்தது. இப்போது ஆண்டு உண்டு. நேரத்தின் பின்னால் +05:30 என்று வித்தியாசமும் உண்டு. கருவிக்கு நேரமே தெரியாவிட்டால் பொய் எழுதக் கூடாது. ஒரு சிறு கோடு போட வேண்டும். கடிகாரம் சரிபார்க்கப்பட்டதா என்பதையும் 0 அல்லது 1 என்று குறிக்க இடம் வைத்தார்கள்.

வரைவில் சொல்லுக்குச் சொல் சண்டை நடக்கும். காரணம், "வேண்டும்" வேறு, "நல்லது" வேறு. 480 பைட் வரையுள்ள செய்தியைப் பெறுபவர் ஏற்றே ஆக வேண்டும். 2048 வரை ஏற்பது நல்லது. ஒரு சொல் மாறினால் சின்ன மெமரி உள்ள கருவிகள் எல்லாம் தரத்துக்கு வெளியே போய்விடும்.

இந்த வேலையில் ஓட்டெடுப்பு கிடையாது. பெரும்பாலும் ஒத்த கருத்தும், ஓடுகிற புரோகிராமும்தான் முக்கியம். உறுப்பினர் கட்டணமும் இல்லை. டிப்ளமோ படிக்கும் நாமும் வரைவைப் படிக்கலாம், தவறு கண்டால் எழுதலாம்.

பழைய வடிவத்தில் அனுப்பும் கருவிகள் இன்றும் நிறைய உண்டு. ஆகவே நண்பர்களே, நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்தில் லாக்கைத் திறந்தால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஆளைத் தேடுவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.